ஒரு 486-ஐ இணையத்தில் சேர்த்த கதை

முப்பது வருடப் பழைய 486 கணினி ஒன்றை இன்றைய இணையத்தில் சேர்க்கும் இந்த வேலைக்கு எந்த அவசியமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடைந்த திரையோடு அலமாரியில் கிடக்கும் என் பழைய கைப்பேசி செய்கிற வேலையில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தப் பெட்டி செய்யாது. இருந்தும் மூன்று வார இறுதிகளை இதில் தொலைத்தேன். காரணம் என் சித்தப்பா.

சித்தப்பா திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார். 1995-இல் கடன் பட்டு வாங்கிய கணினி அது. 486 டிஎக்ஸ்2 பிராசசர், 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம், 420 எம்பி ஹார்டு டிஸ்க். இயங்குதளம் டாஸ் 6.22, அதன் மேல் விண்டோஸ் 3.1.

1998 கடைசியில் இணைய சேவை தரத் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. மறுவருடமே சித்தப்பா ஒரு மோடமும் நூறு மணி நேர இணைப்பும் வாங்கினார். கூட வந்த சிடி விண்டோஸ் 95 கேட்டது. இவரிடம் விண்டோஸ் 95-உம் இல்லை, சிடி டிரைவும் இல்லை. தெருமுனை ப்ரௌசிங் சென்டர் பையன் விண்டோஸ் 3.1-ஐ இணையத்தோடு பேசவைக்கும் டிரம்பெட் வின்சாக் என்ற மென்பொருளை ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்து, "இதுல ஓடும்ணே" என்றிருக்கிறான். மோடம் டயல் செய்யும். எதிர்முனை எடுக்கும். கீச்சுக் கீச்சென்று கத்தும். பெயரும் கடவுச்சொல்லும் போகும். அதன் பிறகு ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு முயற்சிக்கும் டெலிபோன் பில் ஏறும். மூன்று வாரம் கழித்துச் சித்தி பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றதோடு மோடம் பரணுக்குப் போனது.

"எனக்கு அந்த இங்கிலீஷ் எல்லாம் புரியல பாப்பா. எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்று இப்போதும் சொல்வார். போன வருடம் வீட்டை மாற்றியபோது பெட்டி என்னிடம் வந்தது. அதோடு அந்த ஃப்ளாப்பியும், அவர் கணக்கு எழுதும் நீள நோட்டும்.

*

பழைய கணினியை வாங்கியவுடன் சுவிட்சைப் போட வேண்டாம். மூடியைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் பீப்பாய் வடிவத்தில் ஒரு பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். நிக்கல் காட்மியம். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது ஒழுகி, பச்சைப் பச்சையாகப் படர்ந்து, போர்டில் உள்ள செம்புக் கம்பிகளை அரித்துவிடும். எங்களுடையது ஒழுக ஆரம்பித்திருந்தது, நல்லவேளை கீபோர்டு சாக்கெட் வரை போகவில்லை. பேட்டரியை வெட்டி எடுத்தேன். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி ஒருநாள் காயவிட்டேன்.

பேட்டரி போனால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரல் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரியது என்பதையும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் சிலிண்டர் 989, ஹெட் 15, செக்டார் 56 என்று இருந்தது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டது பிறகு பல தடவை உதவியது, ஏனென்றால் ஒவ்வொரு முறை மின்சாரம் நிறுத்தும்போதும் அதைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. புதிய பேட்டரியை வெளியே ஒயர் இழுத்துப் பொருத்தும் வரை இதே கதைதான்.

டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டர் வழியாக என் லேப்டாப்பில் அப்படியே ஒரு முழு நகல் எடுத்தேன். சித்தப்பாவின் பத்திரிகைகள் எல்லாம் பத்திரம். இதைச் செய்யாமல் நெட்வொர்க், கிட்வொர்க் என்று எதிலும் இறங்காதீர்கள். முப்பது வருட டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுபோகும். மிகப் பழைய டிஸ்க்குகளைச் சில அடாப்டர்கள் கண்டுகொள்ளாது. எனக்கு இரண்டாவது அடாப்டரில்தான் வந்தது.

டிஸ்க் வெளியில் இருக்கும்போதே இன்னொரு காரியமும் செய்துவிட வேண்டும். நெட்வொர்க் மென்பொருளை நெட்வொர்க் இல்லாத கணினிக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இந்த விளையாட்டின் முதல் முடிச்சு. ஃப்ளாப்பியில் 1.44 எம்பிதான் பிடிக்கும். அதிலும் என் கையில் இருந்த ஐந்தில் மூன்று பூசணம் பிடித்தவை. ஆகவே தேவைப்படும், தேவைப்படலாம் என்று தோன்றிய எல்லாவற்றையும் ஒரு டைரக்டரியில் போட்டு, டிஸ்க்கிலேயே எழுதி மாட்டினேன். பெயர்கள் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நான் ஒன்றிரண்டை நீளப் பெயரோடு போட்டுவிட்டு, டாஸ் அவற்றை வாலில் அலைக்குறி போட்டுக் காட்டியபோது எது எது என்று விழித்தேன்.

*

நெட்வொர்க் கார்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. அந்தக் காலத்து ஸ்லாட்டில் மாட்டும் ஐஎஸ்ஏ கார்டு என்றதும் நான்கு கடையில் சிரித்தார்கள். ஐந்தாவது கடைக்காரர், "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தார். ரியல்டெக் 8019 சில்லு உள்ள கார்டு. நோவெல் நிறுவனத்தின் என்இ2000 கார்டைப் பார்த்துச் செய்த எத்தனையோ நகல்களில் ஒன்று. பழைய கணினிக்குக் கார்டு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது: என்இ2000 நகல் எதுவானாலும் வாங்குங்கள், இல்லை என்றால் 3காம் 509. இந்த இரண்டுக்கும் டாஸ் டிரைவர் கிடைக்காமல் போகாது.

இனி மென்பொருள். டாஸ் காலத்தில் இணையம் என்பது இயங்குதளத்தின் பகுதியே அல்ல. இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் மொழியான டிசிபி/ஐபி என்று ஒன்று இருப்பதே விண்டோஸ் 3.1-க்குத் தெரியாது. எல்லாவற்றையும் நாமே அடுக்க வேண்டும். அடியில் கார்டு. அதன் மேல் பாக்கெட் டிரைவர் என்ற சிறிய நிரல். கார்டு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், மேலே உள்ள மென்பொருளுக்கு ஒரே மாதிரி முகம் காட்டுவது அதன் வேலை. அதன் மேல் டிசிபி/ஐபி. அதன் மேல் உலாவி. சித்தப்பா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கடைசிப் படியில் நின்றுகொண்டு "வரலையே" என்று பார்த்திருக்கிறார். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அதையே செய்தேன். நேராக விண்டோஸுக்குள் போய் மாலை வரை மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் விண்டோஸைத் தொடவே கூடாது என்று முடிவு செய்து, டாஸிலேயே ஒவ்வொரு படியாக ஏறினேன். இதற்கு எம்டிசிபி என்ற இலவசத் தொகுப்பு வரப்பிரசாதம். டாஸுக்காகவே எழுதியது, இப்போதும் கிடைக்கிறது. ஐபி முகவரி வாங்க ஒரு நிரல், பிங் செய்ய (இன்னொரு கணினியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்க) ஒன்று, கோப்புகளை அனுப்பி வாங்கும் எஃப்டிபிக்கு ஒன்று, கடிகாரம் சரிசெய்ய ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். 486 என்ன, அதற்கும் பத்து வருடம் மூத்த கணினிகளிலேயே ஓடும்.

முதல் படியிலேயே பாக்கெட் டிரைவர் "கார்டே இல்லை" என்றது. காரணம், கார்டு பிளக் அண்ட் ப்ளே நிலையில் இருந்தது. அதாவது, "யாராவது எனக்கு முகவரி கொடுங்கள்" என்று காத்துக்கொண்டிருந்தது. 486-இன் பயாஸுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கார்டோடு வரும் டாஸ் செட்டப் நிரலை ஓட்டி, நாம் பதிப்பதையே பிடித்துக்கொள்ளும் ஜம்பர்லெஸ் நிலைக்கு அதை மாற்றி, பிராசசர் கார்டோடு பேசும் ஐஓ முகவரி 300 என்று பதித்தேன். இப்போது டிரைவர் ஏறியது. ஏறும்போது கார்டின் ஈதர்நெட் முகவரியைத் திரையில் காட்டும், அதை நின்று கவனியுங்கள். ஆறு ஜோடி எண்ணும் எழுத்துமாக, கார்டின் ஸ்டிக்கரில் இருப்பது போலவே இருந்தால் டிரைவரும் கார்டும் பேசுகின்றன. எல்லாம் ஒரே எழுத்தாக வந்தால் டிரைவர் வெட்டவெளியோடு பேசிக்கொண்டிருக்கிறது, ஐஓ முகவரி தப்பு.

கேபிளைச் செருகினேன், விளக்கு எரியவில்லை. கார்டு போச்சு என்றே நினைத்தேன். உண்மையில் என் மேசையில் இருந்த புதிய 2.5 கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்சில் செருகியிருந்தேன். அந்த வகைப் புதிய போர்ட்டுகளில் பல 10 மெகாபிட் வேகத்தைக் கைவிட்டுவிட்டன. இந்தக் கார்டுக்கோ 10-ஐத் தவிர வேறு வேகம் தெரியாது. கேபிளை எடுத்து இணைய இணைப்போடு வந்த சாதாரண ரூட்டரில் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. புதிதுக்கும் பழசுக்கும் இடையில் இப்படி ஒரு நடுவயதுக்காரர் தேவைப்படுகிறார்.

அடுத்து ஐபி முகவரி கேட்டேன். எம்டிசிபியின் டிஹெச்சிபி நிரல் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டுவிட்டு, "பதில் இல்லை" என்று கைவிரித்தது. இங்கேதான் ஒரு முழு சனிக்கிழமையைத் தொலைத்தேன். தொலைத்த விதம் சொல்ல வேண்டியது. கேபிளை மாற்றினேன். அதே மூச்சில் ரூட்டர் போர்ட்டை மாற்றினேன். அதே மூச்சில் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன். இப்போது விளக்கும் எரியவில்லை. மூன்றில் எதனால் என்று தெரியவில்லை. (இரண்டாவது கேபிள் அறுந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம்.) ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று அலுவலகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வாய் கிழியச் சொல்கிறவள் நான்.

முடிச்சை அவிழ்த்தது லேப்டாப்பில் இருந்த வயர்ஷார்க், நெட்வொர்க்கில் வருவதை எல்லாம் காட்டும் நிரல். முகவரி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கை வீட்டு நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூவுவது. ஆகவே அது லேப்டாப்பிலும் தெரிய வேண்டும். பார்த்தால் 486 ஒழுங்காகக் கூவிக்கொண்டிருந்தது. ரூட்டரும் தன் பக்கப் பட்டியலில் அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்திருந்தது. ஆக, வாய் இருக்கிறது, காது இல்லை. பேசவும் கேட்கவும் கேபிள் ஒன்றுதான் என்றாலும், பதில் வந்ததைப் பிராசசருக்குத் தட்டிச் சொல்வது ஐஆர்கியூ என்ற தனி வழி. கார்டு 3 என்ற எண்ணில் இருந்தது. அது இரண்டாவது சீரியல் போர்ட்டின் எண். ஒருகாலத்தில் சித்தப்பாவின் மோடம் உட்கார்ந்திருந்த அதே இடம். கார்டை 10-க்கு மாற்றினேன். கணினி எழும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பாக்கெட் டிரைவருக்கும் 10 என்று சொன்னேன். இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்தால் மறுபடி செவிடுதான்.

மறுதடவை ஐபி முகவரி ஒரு வினாடிக்குள் வந்தது. ரூட்டரைப் பிங் செய்தேன், பதில். வெளியே கூகுளின் 8.8.8.8-ஐப் பிங் செய்தேன், பதில். பெயர் கொடுத்துப் பிங் செய்தேன், பதில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரூட்டர் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். ரூட்டர் வந்து வெளி எண் வராவிட்டால், வெளியே போகும் வாசலான கேட்வேயின் முகவரி தப்பு. எண் வந்து பெயர் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு.

அந்தப் பதில் வந்தபோது நான் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பழைய கணினி இன்றைய இணையத்தோடு பேசாது என்று பலரும் நினைக்கிறோம். ஐபிக்கான வரையறை 1981-இல் வந்தது. வீட்டு நெட்வொர்க்கில் எந்த முகவரி எந்தக் கார்டு என்று கண்டுபிடிக்கும் ஏஆர்பி 1982. இன்னும் அதே பேச்சுதான். இந்த 486-ஐவிட வயதான மொழி அது. தகராறு வருவது மேலே, பூட்டு போட்ட இடத்தில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி. எம்டிசிபியில் இணையத்திலிருந்து நேரம் எடுத்து டாஸ் கடிகாரத்தை வைக்க முடியும். நேர மண்டலத்தை முதலில் சொல்ல வேண்டும். நம்முடைய ஐந்தரை மணி நேரத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும், கூட்டல் அல்ல. கூட்டல் போட்டால் கடிகாரம் பதினொரு மணி நேரம் பின்னால் நிற்கும். எனக்கு நின்றது.

*

இப்போது விண்டோஸ். விண்டோஸ் 3.1-க்கான டிசிபி/ஐபி மென்பொருள்களில் அன்று உலகம் முழுக்க ஓடியது டிரம்பெட் வின்சாக். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து பீட்டர் டட்டம் என்பவர் எழுதிய ஷேர்வேர். பிடித்திருந்தால் காசு அனுப்புங்கள் என்ற வகை. நிறையப் பேர் அனுப்பவில்லை. பல வருடம் கழித்து, 2011-இல், பழைய கடனைத் தீர்ப்பது போல் பலர் அவருக்குப் பணம் அனுப்பினார்கள்.

சித்தப்பாவின் ஃப்ளாப்பி இன்னும் படிக்கிற நிலையில் இருந்தது. அதிலிருந்ததையே ஏற்றிப் பார்க்க ஆசை. திறந்ததும் பதிப்பு எண் பார்த்தேன். 1.0.

அப்போதுதான் நீள நோட்டின் ஞாபகம் வந்தது. பேப்பர் கணக்குக்கும் டோனர் கணக்குக்கும் நடுவே ஒரு பக்கத்தில், கடவுச்சொல் போன பிறகு திரையில் என்ன வந்தது என்று பார்த்து எழுதி வைத்திருந்தார். கீபோர்டில் இருக்கும் குறிகளை மட்டும். ~ } # ! } ! } ! என்று ஒரு வரி. அடியில் தமிழில், "கொக்கி கொக்கியாக வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது." தேதி போட்டு மூன்று இடத்தில் இதே வரி.

டயல் அப் இணைப்புகளை நோண்டியவர்களுக்கு அந்தக் கொக்கி வரிசை தெரியும். அது குப்பை அல்ல. எதிர்முனை பிபிபி என்ற நெறியில் "வணக்கம், எப்படிப் பேசலாம்?" என்று கேட்கிறது. அலைக்குறி ஒவ்வொரு பொட்டலத்தின் தொடக்கம். அடுத்து வரும் எழுத்தை மாற்றிப் படி என்பதற்கு அந்த வளைந்த அடைப்புக்குறி. டிரம்பெட்டின் 1.0 பதிப்புக்கு ஸ்லிப் என்ற அதைவிடப் பழைய நெறி மட்டும்தான் தெரியும். பிபிபி சேர்ந்தது 2.0-இல். எதிர்முனை ஒரு பாஷையில் வணக்கம் சொல்ல, இந்தப் பக்கம் வேறு பாஷைக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தது. மூன்று வாரம் அல்ல, மூன்று வருடம் முயன்றிருந்தாலும் இணைந்திருக்காது. சித்தப்பா எழுதிய லாகின் ஸ்கிரிப்டை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப அந்த ஃப்ளாப்பிதானா?"

"ஃப்ளாப்பிதான் சித்தப்பா. நீங்க செஞ்சது எல்லாம் சரி."

"அந்தப் பையன் மேல தப்பு சொல்ல முடியாது பாப்பா. அவன்கிட்ட இருந்ததைக் குடுத்தான்" என்றார். பிறகு, "சித்திகிட்ட சொல்றேன் இரு" என்று போனை வைத்துவிட்டார்.

பதிப்பு எண் என்பது நாம் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டும் விஷயம். பழைய மென்பொருளைத் தேடி எடுக்கும்போது கூடவே வரும் விளக்கக் கோப்பைத் திறந்து, "என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது" என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அறிகுறியை அப்படியே எழுதி வைப்பதைச் சித்தப்பாவிடம் கற்றுக்கொள்ளலாம். "வேலை செய்யவில்லை" என்று எழுதியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. 1.0-க்கு பிபிபி தெரியாதே தவிர, பாக்கெட் டிரைவர் நன்றாகத் தெரியும். ஈதர்நெட் கார்டு இருந்தால் மோடமும் வேண்டாம், பிபிபியும் வேண்டாம். புதுப் பதிப்பு தேடாமல் அதே ஃப்ளாப்பியை ஏற்றினேன்.

டாஸில் பாக்கெட் டிரைவர் ஏறிய பிறகு, விண்டோஸுக்குள் போகும் முன், வின்பிகேடி என்ற இன்னொரு சிறு நிரலை ஏற்ற வேண்டும். விண்டோஸ் 3.1 நினைவகத்தை இங்கும் அங்கும் நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கும். வந்த பொட்டலத்தை டிரைவர் தப்பான இடத்தில் இறக்கிவிட்டால் பெட்டி உறைந்துவிடும். அதைத் தடுப்பதற்கான ஆள் இது. இந்த வரிசை மாறக் கூடாது. டிரம்பெட்டில் பாக்கெட் வெக்டர் என்ற இடத்தில் டிரைவருக்குக் கொடுத்த அதே எண்ணைக் கொடுத்தேன், என் விஷயத்தில் 60. இந்தப் பதிப்புக்கு டிஹெச்சிபி தெரியாது, ஆகவே ஐபி முகவரியைக் கையால் அடித்தேன். ரூட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் எல்லைக்கு வெளியே, 192.168.1.250. கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் ரூட்டரின் முகவரியேதான்.

பிறகு ஒரு விசித்திரம். ஃபைல் மேனேஜரிலிருந்து திறந்தால் டிரம்பெட் ஓடியது. நான் செய்து வைத்த ஐகானைத் தட்டினால் ஓடவில்லை. அதே நிரல், அதே கணினி. பேய் பிடித்த மாதிரி இருந்தது. விஷயம் இதுதான்: வின்சாக் என்பது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் வகைக் கோப்பு, எல்லா நிறுவனங்களும் அதற்கு ஒரே பெயர்தான் வைத்தார்கள். சித்தப்பா அந்த மூன்று வாரத்தில் வேறு ஏதோ டயலரையும் முயன்றிருக்கிறார். அது தன் வின்சாக்கை விண்டோஸின் சிஸ்டம் டைரக்டரியில் விட்டுவிட்டுப் போயிருந்தது. விண்டோஸ் முதலில் நடப்பு டைரக்டரியில் தேடும், பிறகு தன் சொந்த டைரக்டரிகளில். நான் ஐகானுக்கு வொர்க்கிங் டைரக்டரியைத் தப்பாகக் கொடுத்திருந்ததால் பழைய அனாதைக் கோப்பு மாட்டியது. டிஸ்க் முழுக்க அந்தப் பெயரில் தேடி, வேண்டாததை அழிக்காமல் வேறு பெயர் மாற்றி வைத்தேன். பேய் போனது.

*

உலாவிக்கு நெட்ஸ்கேப் 3-இன் 16 பிட் பதிப்பு. 8 எம்பிக்கு அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. திறந்து ஒரு செய்தித் தளத்தின் முகவரியை அடித்தேன். தளத்தைக் கண்டுபிடித்தது, இணைந்தது, உடனே பிழை.

பூட்டு என்றேனே, அது இதுதான். இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் பேசாது. நெட்ஸ்கேப் 3 வந்தது 1996-இல். அதற்குத் தெரிந்த எஸ்எஸ்எல் பூட்டுகளை எப்போதோ ஓட்டை என்று ஒதுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும்கூட 2020 வாக்கில் உலாவிகள் கைவிட்டன. 486-இல் புதிய பூட்டை மாட்ட நினைப்பது வீண். சுற்றுவழி இரண்டு. ஒன்று, இன்னும் சாதாரண ஹெச்டிடிபியில் பேசும் தளங்கள். பழைய கணினிகளுக்காகவே நடக்கும் ஃப்ராக்ஃபைண்ட் போன்ற தேடுதளங்கள் பக்கத்தை வெறும் எழுத்தாக உரித்துக் கொடுக்கும். இரண்டாவது, நடுவில் ஒரு புதிய கணினியை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைப்பது. வெப்ஒன் என்ற ப்ராக்ஸி அந்த வேலையைச் செய்யும். வெளியே ஹெச்டிடிபிஎஸ் பேசி, உள்ளே பூட்டில்லாமல் கொடுக்கும்.

இது இரண்டிலும் தமிழ் வராது. விண்டோஸ் 3.1-க்கு யூனிகோட் தமிழ் தெரியாது. விண்டோஸில் முறையான தமிழ் ஆதரவு வந்ததே விண்டோஸ் 2000-இல், லதா எழுத்துருவோடு. ஆங்கிலப் பக்கம் காட்டுவதற்கா இத்தனை பாடு? தமிழ்ப் பக்கத்தைச் சித்தப்பாவிடம் காட்டாவிட்டால் என்ன பிரயோஜனம்?

இதற்கு டபிள்யூஆர்பி என்ற இன்னொரு நிரல் கை கொடுத்தது. லேப்டாப்பில் ஓடவிட்டால், அது குரோமியம் என்ற இன்றைய உலாவியில் பக்கத்தைத் திறந்து, முழுப் பக்கத்தையும் ஒரு ஜிஃப் படமாக எடுத்து 486-க்கு அனுப்பும். படத்தில் எங்கே கிளிக் செய்தோம் என்பதைத் திருப்பி வாங்கி, அங்கே தானே கிளிக் செய்து அடுத்த படத்தை அனுப்பும். நெட்ஸ்கேப்பைப் பொறுத்தவரை அது ஒரு படம், அவ்வளவுதான். எந்த எழுத்துருவும் தேவையில்லை. இது கள்ளாட்டம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். லேப்டாப்தான் உலாவுகிறது, 486 வேடிக்கை பார்க்கிறது. எனக்கு அதில் வெட்கம் இல்லை. பொட்டலங்கள் சித்தப்பாவின் ஃப்ளாப்பி வழியாகத்தானே போய்வருகின்றன.

கார்டு போட ஸ்லாட் இல்லாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: சீரியல் போர்ட்டில் மாட்டும் வைஃபை மோடம்கள் கிடைக்கின்றன. பழைய மோடம் மாதிரியே நடிக்கும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை, சீரியல் போர்ட்டுகளை நேராக இணைக்கும் நல்-மோடம் கேபிளில் மாட்டி பிபிபி சர்வராக்கவும் முடியும். இரண்டும் மெதுவாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். இன்னொன்று, இந்தக் கணினிகளிலிருந்து எந்தக் கடவுச்சொல்லையும் அடிக்காதீர்கள். மின்னஞ்சல், வங்கி எதுவும் வேண்டாம். ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் டாஸ் கணினியை யாரும் வெளியிலிருந்து தேடி வரப்போவதில்லை, ஆனால் அது அனுப்புவது எல்லாம் திறந்த தபால் அட்டை.

*

மூன்றாவது ஞாயிறு சித்தப்பா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கை தானாகவே கீபோர்டுக்குப் போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டியின் முன்பக்கம் இருந்த தினமும் தொட்டுக் கும்பிட்ட குங்குமப் பொட்டின் தடத்தை விரலால் தேய்த்தார். டிரம்பெட்டைத் திறந்தார். நெட்ஸ்கேப்பைத் திறந்தார். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, ஐகானை அவரே தேடிக்கொண்டார்.

தமிழ்ச் செய்தித் தளத்தின் முதல் பக்கம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது. 256 நிறத்தில், கொஞ்சம் புள்ளி புள்ளியாக. முழுதாக வர ஏறக்குறைய அரை நிமிடம் ஆனது. தலைப்பு தெரிந்ததும் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"லைன் ஸ்பேசிங் ரொம்பக் கம்மியா வச்சிருக்காங்க பாப்பா. கால் எல்லாம் இடிக்குது பாரு."

இன்னும் இரண்டு செய்தியைத் திறந்து பார்த்தார். மூன்றாவது இறங்கிக்கொண்டிருக்கும்போதே மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"சரி, பார்த்தாச்சுல்ல, கட் பண்ணிடு. பில் ஏறும்."